பின்னோக்கிப் போன பந்து

சுடலைமுத்துவுக்கு இடது காது கேட்காது. வலது காதில் பாதிதான் மிச்சம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவே இருபது வருடத்துக்கு மேல் நின்றவர் அவர். காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததை ஆரம்பத்தில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. வேர்க்கும், அரிக்கும். போட்டுக்கொள்ளப் பழகியபோது காப்பாற்றுவதற்கு அதிகம் இருக்கவில்லை. ஆகவே தன் குரல் தனக்கு எட்டும் அளவுக்குப் பேசுவார். அது அடுத்த தெருவுக்கும் எட்டும்.

தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரர். அங்கே பொழுது சாய்ந்தால் மணலில் பந்து உதைப்பார்கள். ஓசூருக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் தளி சாலையில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம் நடந்தது. உள்ளே போய் ஓரமாக நின்றார். "இப்பிடி நெழலுக்கு வாங்கண்ணா" என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அவரை வேலைக்கு அல்லாமல் கூப்பிட்ட முதல் குரல் அதுதான். அன்றிலிருந்து பச்சைச் சட்டை அணிந்த அந்த அணி அவருடைய அணியாயிற்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், வாய் நிறைய "நம்ம காலேஜு" என்பார். பொற்கொடியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குத்தான்.

மைதானத்தின் கிழக்குச் சுவரோரம் நிற்கும் ரசிகர்களில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்றுக்கு பாஸ்கரன் தலைவர். உள்ளூர்க்காரர், அதே கல்லூரியில் படித்தவர், கூட்டுறவு வங்கியில் வேலை. இன்னொன்றுக்குச் சுடலைமுத்து. சுவரின் மேல் வேர்க்கடலையை ஆட்டக்காரர்கள் மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

"பந்து நம்ம கால்ல இருக்கிற வரைக்கும் எவன் நமக்கு கோல் போட முடியும்?" என்பார் பாஸ்கரன். "சின்னச் சின்ன பாஸா போட்டுக்கினே இருக்கணும். வழியில்லன்னா பின்னாடி குடுக்கணும். எதிராளி பொறுமை கெட்டு எடத்த வுட்டு வருவான். அப்ப உள்ள பூரணும்."

"இடத்த விட்டு வர அவனுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? பின்னாடி போற பந்துக்கு எவன்வே கோல் குடுப்பான்? தூக்கி அடி. ரெண்டு பேரு ஓடு. ஒருத்தன் இடிச்சு விழட்டும், மத்தவன் உதைக்கட்டும். அம்புட்டுதான் ஆட்டம்."

"அது ஆட்டம் இல்லீங்க. லாரி."

"லாரி ஊரு போய்ச் சேரும்லா?"

சுவரோரமே சிரிக்கும். சண்டை முடிந்ததும் அந்தக் கடலை ஆட்டக்காரர்களை இருவருமாகத் தின்றுவிட்டுப் போவார்கள். வருடக்கணக்காக இப்படித்தான் இருந்தது.

பிறகு மாதேஷ் கேப்டனானான். அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமத்துப் பையன். அப்பா மாதப்பனுக்குக் கொஞ்சம் கேழ்வரகுக் காடும் சில மாடுகளும். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். நடுக்களத்தில் ஆடுவான். பந்து வந்தால் காலடியில் நிறுத்திவிட்டு ஒருமுறை சுற்றிப் பார்ப்பான். முன்னே வழி இருந்தால் கொடுப்பான். இல்லையென்றால் திரும்பித் தன் பின்காப்பாளனுக்குத் தள்ளிவிடுவான். அதில் அவனுக்கு வெட்கமே கிடையாது. பாஸ்கரன் கண் மூடி ரசிப்பார். சுடலைமுத்து சுவரைத் தட்டிக் கத்துவார்:

"முன்னாடி போலே! முன்னாடி!"

அந்தக் குரலைச் சின்னப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் "முன்னாடி" என்றால் கைதட்டி "போ" என்றார்கள். அவர்களில் ஒருவன் சந்தோஷ். ஊத்தங்கரையிலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இருந்தவன். அவன்தான் ரசிகர்களுக்கு 'பச்சைப் படை' என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தான். சுடலைமுத்துவுக்குத் தட்டச்சு வராது, பேசி அனுப்புவார். இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கப் பழகிய அந்தக் குரலுக்கென்றே ஆட்கள் சேர்ந்தார்கள். சிலர் அதைப் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். குழு பெருத்தது. மைதானத்தில் ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் எல்லாம் அதில் வந்து பேசினார்கள்.

அவர் முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்பதால் வீட்டில் பொற்கொடியும் கேட்டாக வேண்டும்.

"யாருங்க இவங்க எல்லாம்? பேரே இல்லாத நம்பரா இருக்கு."

"எல்லாம் நம்ம பயலுவதான்."

"இவங்க பந்த பத்திப் பேசுத மாதிரி எனக்குத் தெரியல."

அவருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. அவளும் திருப்பிச் சொல்லவில்லை.

கர்நாடக எல்லையின் இரண்டு பக்கத்துக் கல்லூரிகளும் ஆடும் ஒரு போட்டி உண்டு. அந்த வருடம் அரையிறுதியில் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கத்துக் கல்லூரியோடு இரண்டு ஆட்டம். முதலாவது அவர்கள் ஊரில், மறுவாரம் ஓசூரில். முதல் ஆட்டத்துக்கு ரசிகர்கள் அத்திப்பள்ளி வழியாகப் பைக்கில் போனார்கள். மாதேஷ் அன்று வழக்கத்தைவிட நிதானம். பந்து பக்கவாட்டில் போனது, பின்னால் போனது, மறுபடி பக்கவாட்டில் போனது. யாரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது எதிரணியின் எட்டாம் எண்காரன் மாதேஷின் தோளில் கைபோட்டுக் கன்னடத்தில் ஏதோ கேட்டான். மாதேஷ் கன்னடத்திலேயே பதில் சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

அன்றே குழுவில் ஒரு வீடியோ வந்தது. அவன் பின்னால் தள்ளிய பந்துகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். கடைசியில் அந்தச் சிரிப்பு, மிக மெதுவாக ஓடியது. கீழே ஒரு வரி: 'யார் பக்கம் ஆடுகிறான்?'

சுடலைமுத்து வீடியோவைப் பார்த்தார். வரியை ஊன்றிப் படிக்கவில்லை. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்ற வயிற்றெரிச்சல்தான் அவருக்கு. போனை வாயருகே வைத்துப் பேசினார்:

"பந்த வச்சுக்கிட்டு என்னலே பிரயோஜனம்? இவன் எடுத்து எடுத்து அவங்க கையிலதான குடுக்கான்! அடுத்த ஆட்டத்துல இவன எடுக்கணும். கோச்சு எடுக்கலன்னா நாமதான் எடுக்கணும்."

கோச்சுக்கு நாம் எல்லாரும் போய்ச் சொல்ல வேண்டும், கேப்டனை வெளியே உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் மனதில் இருந்தது. யாரோ முன்பாதியை வெட்டிவிட்டார்கள். 'நாமதான் எடுக்கணும்' என்ற கடைசித் துண்டு மட்டும் தனியாகக் கிளம்பியது. மாதேஷின் படத்தோடு, அந்தச் சிரிப்போடு, அது எங்கெங்கோ போயிற்று.

அந்த வாரம் மாதேஷின் பைக் டயர் இரண்டும் கிழிந்து கிடந்தன. அவன் சாப்பிடும் மெஸ்ஸில், நாளையிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்கள். காரணம் கேட்டதற்குக் கடைக்காரர் தெருப்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மைதானத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பச்சை எழுத்தில் 'எடுக்கணும்' என்று எழுதியிருந்தது. ஷிப்ட் முடிந்து போகும்போது சுடலைமுத்து அதைப் பார்த்தார். தான் சொன்னது சுவரேறிவிட்டதே என்று முதலில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. டயரைப் பற்றியோ மெஸ்ஸைப் பற்றியோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுவரோரம் பையன்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் போனதும் வாய் அசைவது நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை பொற்கொடி தன் கார்மென்ட் கம்பெனியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் அவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு கம்பெனி பஸ்ல ஒரு அக்கா கேட்டா. 'உங்க வீட்டுக்காரரு குரலு எங்க பையன் போன்லயும் இருக்குது. யாரையோ எடுக்கணும்னு சொல்றாரே, யாரைங்க?'ன்னு."

"கேப்டனத்தான். ஆட்டத்துல இருந்து."

"அந்த அக்கா அப்பிடிக் கேக்கல. ஆளையே எடுக்கணும்ங்கிற மாதிரி கேட்டா. நானும் அதக் கேட்டேன். எனக்கே அப்பிடித்தான் இருந்துச்சு."

அந்த அக்கா அனுப்பியிருந்த துண்டை அவள் தன் போனில் போட்டுக் காட்டினாள். சுடலைமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார். குரல் அவருடையதுதான். ஆனால் அதைப் பேசிய ஆள் யாரோ ஒரு கொலைகாரன் மாதிரி இருந்தான். உடனே குழுவுக்கு வேறொன்று பேசி அனுப்பினார். தான் சொன்னது ஆட்டத்தைப் பற்றி மட்டும், பையனை யாரும் ஒன்றும் செய்யக்கூடாது, செய்தால் தானே முன்னால் வந்து நிற்பதாகச் சொன்னார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'அண்ணனை யாரோ மிரட்டிட்டாங்க' என்று ஒரு பெயரில்லாத எண் எழுதியது. சற்று நேரத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சந்தோஷைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மைதானம் நிறைந்திருந்தது. சுவரோரம் அவர் நிற்கும் இடத்தில் அவருக்குத் தெரியாத முகங்கள் நின்றன. கைக்குட்டையால் வாயைக் கட்டியவர்கள், ஆட்டத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பாஸ்கரன் கூட்டத்தை விட்டுத் தள்ளி, கோல் கம்பத்துப் பக்கம் தனியாக நின்றார். சுடலைமுத்துவும் அங்கே போனார்.

"கோச்சு கிட்ட பேசுனேன்" என்றார் பாஸ்கரன், அவர் காதருகே. "ஒக்கார வச்சா பயந்துட்டான்னு ஆயிடும், ஆடட்டும்னாரு. அவனும் ஆடறேன்னுட்டான்."

மாதேஷ் பந்தைத் தொடும்போதெல்லாம் கூட்டம் ஒரே தொண்டையாக ஊளையிட்டது. அது சுடலைமுத்துவுக்கே கேட்டது. முதல் பாதி முழுவதும் அவன் தன் ஆட்டத்தையே ஆடினான். ஒருமுறை பந்தைப் பின்னால் தள்ளியபோது ஒரு தண்ணீர்ப் பாட்டில் வந்து அவன் முதுகில் பட்டுத் தெறித்தது. குனிந்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓடினான்.

இடைவேளைக்குப் பிறகு அவன் மாறினான். பந்து வந்ததும் பார்க்கக்கூட இல்லை, தூக்கி அடித்தான். உயரமாக, தூரமாக. இரண்டு பேர் ஓடினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. சுடலைமுத்து இத்தனை வருடம் வேண்டுமென்று கத்திய ஆட்டத்தை அன்று அவன் அச்சு அசலாக ஆடினான். ஒவ்வொரு பந்தும் எதிரணியின் தலையில் போய் இறங்கியது. அவர்கள் அதை இறக்கி, பொறுமையாகக் கோர்த்து, காலியாகக் கிடந்த நடுக்களத்தின் வழியே வந்தார்கள். ஆட்டம் முடியச் சற்று முன் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், அந்த ஆட்டத்தின் ஒரே கோல்.

விசில் ஊதியதும் கூட்டம் கத்தும் என்று சுடலைமுத்து எதிர்பார்த்தார். கத்தவில்லை. பேசாமல் கலைந்து, ஒரே பக்கமாக நகர்ந்தது.

பாஸ்கரன் அவர் கையைப் பிடித்தார். "முன் கேட்டுல நிக்கறாங்க. மூஞ்சிய மூடிக்கினு. வந்த போலீஸ்காரங்க ரெண்டு பேரும் எதிரணி பஸ்ஸோட போயிட்டாங்க. பையன அந்த வழியா அனுப்பாதீங்க."

"நீங்க வாரீகளா?"

பாஸ்கரன் கேட்டுப் பக்கம் பார்த்தார். "நான் கேட்டுல போய் எதுனா பேசிக்கினு இருக்கேன். நீங்க கெளம்புங்க."

கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர் லாரி வரும் சின்ன வாசல் ஒன்று உண்டு. சுடலைமுத்து பைக்கை அங்கே தள்ளி வந்தார். மாதேஷ் பச்சைச் சட்டைக்கு மேல் வேறொரு சட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியும். அந்தக் குரலையும் தெரியும். ஆனாலும் ஏறினான்.

அவன் ஊருக்குப் போகும் வழியில், தேன்கனிக்கோட்டையில் பெட்ரோலுக்கு நின்றபோதுதான் இருவரும் பேசினார்கள்.

"அன்னைக்கு அந்த எட்டாம் நம்பருகிட்ட என்னப்பா சொல்லிச் சிரிச்ச?"

மாதேஷ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "அவன் என் மாமன் மகன் அண்ணா. எங்கம்மா ரெண்டு பேருக்கும் சேத்து சோறு கட்டிக் குடுத்திருந்தாங்க. ஊட்டா ஆய்த்தான்னு கேட்டான், சாப்பிட்டியான்னு. உன் பங்கையும் நானே தின்னுட்டேன்னு சொன்னேன்."

சுடலைமுத்து பெட்ரோல் மூடியைத் திருகி முடிக்க வெகுநேரம் எடுத்தார்.

ஊரைத் தாண்டியதும் காடு. வெளிச்சம் மரங்களின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. யானை கடக்கும் இடம் என்ற பலகையைக் கடந்தபோது மாதேஷ் அவர் தோளை அழுத்தினான். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் விளக்குகள், ஒன்றை ஒன்று முந்தாமல் சேர்ந்தாற்போல் வந்தன. அவர் வேகத்தைக் கூட்டினார். அவையும் கூட்டின. குறைத்தார். குறைத்தன. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. சாலை இறக்கமாகி வளையத் தொடங்கிய இடத்தில் அவர்கள் முந்தி வந்து குறுக்கே நிறுத்தினார்கள்.

முகங்களை மூடியிருந்தார்கள். ஒருவன் கையில் பைக் செயின். முன்னால் வந்தவனை நடையிலேயே சுடலைமுத்துவுக்குத் தெரிந்தது.

"சந்தோஷு. நீ என் பக்கத்துல நின்னு கடல தின்ன பையன்லே. வழிய விடு."

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம்ணா. நீங்க சொன்னதுதான். நாங்க சொந்தமா எதுவும் சொல்லலியே." போனை நீட்டினான். காட்டின் நடுவே அந்தக் குரல் கிளம்பியது: நாமதான் எடுக்கணும். நாமதான் எடுக்கணும். ஒருவன் சிரித்தான்.

சுடலைமுத்து கையை வீசிப் போனைத் தட்டிவிட்டார். உடனே இரண்டு பேர் அவரைப் பிடித்து மண்ணில் மண்டியிட வைத்தார்கள். செயின்காரன் அவர் பின்னால் போய் நின்றான். அவருக்கு அவன் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. மாதேஷின் முகத்தில் மட்டும் தெரிந்தது.

"என்ன வேணும்?" என்றான் மாதேஷ்.

"மேட்ச வித்துட்டேன்னு சொல்லு. எங்க கன்னட ஆளுங்களுக்காக வேணும்னே தோத்தேன்னு சொல்லு. தமிழ்ல சொல்லு."

"சொல்லாதலே!" என்று கத்தினார் சுடலைமுத்து.

மாதேஷ் அவர் தலைக்கு மேலே பார்த்தபடியே சொன்னான். திக்காமல், வகுப்பில் ஒப்பிப்பது போல, நல்ல தமிழில். அவர்கள் படம் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்கள். விளக்குகள் மேலே ஏறி, ஒவ்வொரு வளைவாக மறைந்தன.

மாதேஷ் அவரைத் தூக்கிவிட்டு முழங்கால் மண்ணைத் தட்டினான். வீடு போய்ச் சேர்ந்ததும் அவன் அம்மா ராஜாத்தி சூடாகக் களியும் குழம்பும் வைத்தாள். மாதப்பன் வந்தவரை யாரென்று கேட்டார்.

"எங்க ஆட்டத்தப் பார்க்க வர்றவருப்பா. பஸ்ஸு கெடைக்கல, கொண்டுவந்து வுட்டாரு."

மாதப்பன் கும்பிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே காவல் நிலையத்துக்குப் போனார். சந்தோஷின் பெயரைச் சொன்னார், மற்றவர்களைத் தெரியாது என்றார், குரல் தன்னுடையது என்றார்.

"முதல்ல உங்க மேலதான்யா கேஸ் வரும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் உதவி ஆய்வாளர்.

"எழுதுங்க சார்."

வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது. சந்தோஷைப் பிடித்தார்கள், பயிற்சி வேலை போயிற்று, ஜாமீனில் ஊருக்குப் போய்விட்டான். குழுவிலிருந்த பெயரில்லாத எண்களில் பாதி அணைந்துபோயிருந்தன. மீதி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. பாஸ்கரன் நடந்ததையெல்லாம் கல்லூரியில் போய்ச் சொன்னார். விசாரித்த பிறகு மாதேஷ் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காகிதத்தை யாரும் பார்க்கவில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்தார்கள். அவன் தேர்வுகளை மட்டும் வந்து எழுதினான். தேறி, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து மாமன் வீட்டில் தங்கினான். ஒருநாள் சுடலைமுத்து கூப்பிட்டுப் பேசினார். பொற்கொடி பக்கத்திலிருந்து அவன் சொல்வதைத் திருப்பிச் சொன்னாள்.

"பந்து ஆடுதியாப்பா?"

"கூப்பிடறாங்கண்ணா. போகல. அங்க கன்னடக்காரன்னாங்க. இங்க தமிழ்நாட்டுப் பையன்றாங்க. இப்போதைக்கு யார் கண்ணுலயும் படாம இருக்கேன்."

சுடலைமுத்து இருந்த வீட்டுக் கதவில் ஒருநாள் காலை பச்சைப் பெயின்ட் ஊற்றியிருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. வெறும் பெயின்ட். வீட்டின் சொந்தக்காரர் வருத்தத்தோடு காலி செய்யச் சொன்னார். கணவனும் மனைவியும் பர்கூருக்குக் குடிபோனார்கள். கிரானைட் அறுக்கும் பட்டறையில் அவருக்கும், பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் அவளுக்கும் வேலை கிடைத்தது. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. அதுவே போதும் என்றிருந்தது.

போன மாதம் வழக்கு வாய்தாவுக்காகப் போய்விட்டு, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பர்கூர் பஸ்ஸுக்கு இருவரும் நின்றிருந்தார்கள். நன்றாக உடுத்திய ஒரு நடுவயது ஆள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்து, பொற்கொடியைத் தாண்டி, சரியாக அவருடைய காது கேட்கும் வலது பக்கம் வந்து நின்றார்.

"சுடலைமுத்து அண்ணன்தானே? நல்லா இருக்கீங்களா? இப்ப பர்கூர்லயா?"

"ஆமா. நீங்க?"

அந்த ஆள் பதில் சொல்லாமல் சிரித்தார். எந்த முகம் என்று சுடலைமுத்து தேடித் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. பஸ் வந்தது. பொற்கொடி அவர் முழங்கையைப் பிடித்து, இது வேண்டாம், அடுத்ததில் போகலாம் என்றாள்.

அந்த ஆளும் அதில் ஏறவில்லை.